என் பெயரும் வாசிக்கப்பட்டது

26.4.2025, சனி

வெயில் நூற்றைத் தாண்டிவிட்டது. மாடித் தொட்டி கழுவ இன்றும் ஆள் வரவில்லை. பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்கிறது. வாங்க வேண்டும்.

27.4.2025, ஞாயிறு

காலைப் பூசை முடியும் நேரம், அறிக்கைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "திருமண ஓலை, முதல் முறை. விழுப்புரம் லூர்துநாதன், காலஞ்சென்ற ரெஜினா இவர்களின் மகள் ஜெர்லின்..."

நன்றாகக் கேட்க வேண்டும் என்பதுபோல, அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை பெயர் இருதய அருண். மே 14, திண்டிவனத்தில். பெண் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயில் இது என்பதால் இங்கேயும் மூன்று ஞாயிறு இந்தக் கல்யாண அறிவிப்பை, ஓலையை, வாசிப்பார்கள். என் மகளின் கல்யாணச் செய்தியை ஊராரோடு உட்கார்ந்து நானும் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் இருதயசெல்வி பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருவின் ஜெபக் கூட்டத்துக்கு, அதாவது அன்பியத்துக்கு, அவள்தான் தலைவி.

"இன்னா சார், பொண்ணுக்குக் கல்யாணம், மூச்சு வுடலியே! எங்களுக்கெல்லாம் சோறு போடணும்னு பயமா?"

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். ஒன்பது வருடமாக மகள் என்னோடு பேசுவதில்லை, எனக்கே இப்போதுதான் தெரியும் – இதைச் சொல்ல வேண்டியதுதானே?

"சொல்லணும்னுதான் இருந்தேன். எல்லாரும் வந்துடணும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

30.4.2025, புதன்

கருவூலத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். எந்தத் தாளிலும் இன்னொருவர் கையெழுத்துக்குக் கீழேதான் என் கையெழுத்து இருக்கும். தனியாக ஒரு முடிவும் எடுத்தவனில்லை. எடுத்தது ஒன்றே ஒன்று.

ஒன்பது வருடத்துக்கு முன் ஜெர்லின் உதடு கிழிந்து, ஒரு பையோடு வந்திருந்தாள். மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்து கேட்டருகே நின்று கத்தினான். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான்தான் கேட்டைத் திறந்தேன். அவளிடம், "சத்தம் வேணாம்மா. இப்ப போய்டு. அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

அப்புறம் பேசவேயில்லை. நாலு வருடம் கழித்து அவன் குடித்தே செத்தான். சாவுக்குப் போனேன். தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

2.5.2025, வெள்ளி

செல்வி வந்தாள். "வேன் பேசிட்டேன் சார். பதினெட்டு சீட்டு. முன்சீட்டு உங்களுக்குத்தான், பொண்ணு வூட்டுக்காரராச்சே!"

தலையாட்டினேன்.

4.5.2025, ஞாயிறு

இரண்டாம் ஓலை. "தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்" என்றார்கள். குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த தடை நான்தான்.

6.5.2025, செவ்வாய்

திண்டிவனம் போனேன். ஜெர்லினின் தையல் கடை பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில். எதிரே ஜூஸ் கடை. சாத்துக்குடி ஜூஸ் குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். உள்ளே அவள் தலை தெரிந்தது, காதோரம் நரைத்திருந்தது. நாற்பத்தொரு வயது. நான் தெருவைத் தாண்டவில்லை. ஜூஸ் கடைக்காரன், "யாருக்காச்சும் வெய்ட் பண்ணிக்கினு இருக்கீங்களா பெருசு?" என்றான். இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

சர்க்கரை உள்ளவன் இரண்டு ஜூஸ் குடித்திருக்கக் கூடாது.

8.5.2025, வியாழன்

அன்பியக் கூட்டம் செல்வி வீட்டில். ஜெபமாலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பொண்ணுக்கு என்ன வாங்குவது என்று பேச்சு வந்தது. மிக்சியா, பட்டுப்புடவையா? பட்டு என்றால் என்ன நிறம்? "சார், பொண்ணு செவப்பா, மாநிறமா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். ஜெர்லினுக்காகப் புடவை நிறம் யோசித்துக்கொண்டிருந்தார்கள் – என் பொய்யை நம்பி. உட்காரவே முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"என் பொண்ணு என்னைக் கூப்பிடலை. ஓலை வாசிச்சப்பதான் எனக்கே தெரியும். அவளை அடிக்கிறவன்கூட நான்தான் திருப்பி அனுப்பினேன். அதான் அவ பேசறதில்லை."

யாரோ காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

செல்விதான் முதலில் வாய் திறந்தாள். "அட்வான்ஸ் வேற குடுத்துட்டனே சார்..." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சரி வுடுங்க. அதே வேன்ல வேளாங்கண்ணி போய்ட்டு வந்துடலாம். மொதல்ல நீங்க உக்காருங்க."

9.5.2025, வெள்ளி

மறுபடி திண்டிவனம். ஜூஸ் கடைப் பக்கமே திரும்பவில்லை.

"யாரு வேணும்?" என்றாள், மிஷினிலிருந்து நிமிராமல். நிமிர்ந்ததும் முகம் இறுகிவிட்டது. ஸ்டூலைக் காட்டவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன் – ஓலை, பொய், வேன், நேற்றுக் கூட்டத்தில் சொன்னது.

"அத்தன பேரு முன்னாலயா? நீங்களா?" சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது.

"என் பேரை எதுக்கும்மா குடுத்தே?"

"ஃபாதர் கேட்டாரு, குடுத்தேன். ரெண்டு பேருக்குமே காலஞ்சென்றன்னு போடச் சொல்லலாம்னுதான் பாத்தேன்."

துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திடீரென்று, "அன்னிக்கி கேட்ட தொறந்து வுட்டீங்களே, ஏன்? அத மட்டும் சொல்லுங்க."

ஒன்பது வருடமாகப் பல பதில்கள் தயாராக வைத்திருந்தேன். குடும்ப மானம், அவள் நல்லதுக்கு, நாளைக்கு ஊர் என்ன பேசும்.

"பயம்மா. அவன்கிட்ட பயம். எதிர்வீட்டுக்காரங்ககிட்ட பயம்."

"நான் பயப்படலியா? எனக்கு மட்டும் பயமில்லியா?"

ரவிக்கை வாங்க ஒரு பெண் வந்தாள். ஜெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளோடு பேசப் போனாள். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "வாங்கன்னு சொல்லல. வராதீங்கன்னும் சொல்லல."

11.5.2025, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை சொல்ல யாருமில்லை.

13.5.2025, செவ்வாய்

வெள்ளைச் சட்டை இஸ்திரி ஆகிவிட்டது. போகலாமா? சொல்லாததை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? போய், அவள் முகம் மாறினால்? போகாவிட்டால் – அது தெரிந்ததுதானே, ஒன்பது வருடமாகப் பார்த்ததுதானே.

14.5.2025, புதன்

போனேன். கடைசி பெஞ்சு. அவளைப் பீடத்துக்கு அழைத்துப் போனது கூடத் தைக்கும் காந்திமதி. அதில் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? வாழ்த்த வரிசையில் நின்றேன். பாதியில் விலகிவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. மாப்பிள்ளை, "சாப்டுட்டுத்தான் போணும் மாமா" என்றார். அவள் கை மட்டும் கொடுத்தாள், மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போல.

சாப்பிட்டேன். பஸ் ஏறினேன்.

24.5.2025, சனி

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுக்கப் பயந்து விட்டுவிட்டேன். மறுபடி அழைத்தபோது எடுத்தேன். மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொல்கிறார். "ஜெர்லின் சொன்னாளா?" என்றேன். "கேளுன்னு சொன்னா" என்றார்.

1.6.2025, ஞாயிறு

பூசை இன்று திண்டிவனத்தில். பிறகு அவர்கள் வீடு, இரண்டு அறை, மாடியில். மாப்பிள்ளை எலக்ட்ரிக் வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஜெர்லின் இலை போடும்போது, "விழுப்புரம் வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதீங்க. அந்தக் கேட்டுக்குள்ள நான் வரமாட்டேன்" என்றாள். சரியென்றேன்.

மீன் குழம்பு. வஞ்சிரத் துண்டு ஒன்றை என் இலையில் வைத்தாள்.

"முள்ளு கம்மியா பாத்துத்தான் வாங்கினேன். பயப்படாம சாப்டுங்க."

ஒரு முள் இருக்கத்தான் இருந்தது. நாக்கால் ஒதுக்கி எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.