முழம் குறைந்த கம்பளி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், இலங்கை
1911, ஐப்பசி

வெள்ளையம்மாளுக்கு ஆசீர்வாதம். முருகன் புண்ணியத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி, நம் மகள் செல்லாயி எப்படி என்று எழுது.

ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. துரை பங்களா ஆயா கொக்கி ஊசியால் நூல் பின்னுவதைப் பார்த்து, நானும் குடைக்கம்பியை வளைத்துக்கொண்டேன். நூலுக்கு, தோட்டத்தில் கடனுக்குக் கொடுத்த, போர்த்துகிற கம்பளியையே பிரித்தேன்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது கங்காணி என் கம்பளியைப் பிடித்து இழுத்தார். "ஒரு முழத்தக் காணோம். வித்துட்டு ஓடப் பாக்குறியாடா?" போன வாரம்தான் இரண்டு பேர் ஓடிப்போயிருந்தார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் என் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒரு குல்லா விழுந்தது.

"நாந்தாங்க பின்னுனேன்."

"பின்னிக் காட்டு."

முதல் கண்ணி நழுவியது. மறுபடி மாட்டி ஒரு சுற்று முடித்துக் காட்டினேன்.

"யாருக்குடா?"

"மகளுக்குங்க. மூணு வயசு."

கங்காணி என்னையே பார்த்தார். "நீ வந்தே அஞ்சு வருசமாச்சேடா" என்று சொல்லிக் குல்லாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் புறப்படும்போது பார்த்த மூன்று வயதுத் தலைக்கே பின்னியிருக்கிறேன். தபால்காரர் அவசரப்படுத்துகிறார். செல்லாயி தலையை ஒரு நூலால் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுக் கடிதத்தில் வைத்து அனுப்பு. இங்கே குளிர் ஒன்றும் பெரிதில்லை. கம்பளியில் இன்னும் நூல் இருக்கிறது.

சங்கிலி