சிவப்பு மறையும் இடம்

போன மாதம் ஒரு சாயங்காலம் பட்டுக்கடையில் கரண்ட் போய்விட்டது. எதிரே புதிதாக வந்திருக்கும் செல்போன் கடைக்காரர் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். அவர் கடைப் பெயர்ப்பலகை முழுக்க நீல விளக்கு. அந்த நீலம் மட்டும் சாலையைத் தாண்டி வந்து எங்கள் மெத்தை விரிப்பின் மேல் விழுந்தது. அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டாருக்கு மிளகாய்ப்பழச் சிவப்பில் முகூர்த்தப் புடவை ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். பெண்ணின் அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, கல்யாணத்துக்குப் போயி கறுப்ப எடுத்துப் போடுறியே" என்று முகத்தைச் சுளித்தார்.

கறுப்பாகத்தான் இருந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்க இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷமும் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. இதைச் சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீதான். நீ போய் நாலு வருஷம் ஆகிறது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். முகூர்த்த மாதம், கை ஒழியவில்லை. உன் விஷயத்தில் எனக்கு எப்போதும் கை ஒழிந்ததில்லை என்று நீ சொல்லிக் காட்டலாம். சொல்லிக் காட்டுகிற ஆளாக நீ இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்து இடம் உன்னுடையது. முதல் பீரியட் பாதியில்தான் வருவாய். கூரத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸின் மேல் பழியைப் போடுவாய், அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் உங்கள் நிலத்துப் பம்புசெட் கிணறு. காலையில் அதில் குதிக்காமல் உனக்கு விடியாது. ஈரத் தலையோடு வந்து உட்காருவாய், என் நோட்டெல்லாம் சொட்டும். ஊரில் யார் வீட்டு வாளி கிணற்றில் விழுந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பெருமை வேறு. அடி வரைக்கும் போயிருக்கிறாயா என்று கேட்டேன். "மூணு ஆள் ஆழத்துக்கு மேல காது குத்துதுடி. கண்ணத் தெறந்துக்கினுதான் போறேன், ஆனா அடி தெரிய மாட்டேங்குது" என்றாய். அடி தெரியாதது உன்னை உண்மையிலேயே உறுத்திக்கொண்டிருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பிறகு வேர்க்கடலைப் பொட்டலம் வந்தது. பஸ் நிலையத்தில் வாங்கிய கடலையைக் கொறித்து முடித்துவிட்டுத் தாளைப் பிரித்துப் படித்தாய். கையில் அகப்பட்ட தாளையெல்லாம் படிப்பது உன் வழக்கம். ஏதோ பத்திரிகையின் கிழிந்த பக்கம். ஆழ்கடலுக்குள் மனிதர்கள் உருண்டை ஒன்றில் உட்கார்ந்து இறங்குவதைப் பற்றி எழுதியிருந்தது. கடலுக்குள் போகப் போக நிறங்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும், முதலில் போவது சிவப்பு, அதனால்தான் அடியில் வாழும் பல உயிர்கள் சிவப்பாக இருக்கின்றன, அங்கே சிவப்பாக இருந்தால் யார் கண்ணிலும் படாது என்று இருந்தது. சிவப்பு எந்த இடத்தில் மறைகிறது என்று சொல்ல வந்த வரியில் தாள் கிழிந்திருந்தது.

இயற்பியல் மிஸ்ஸிடம் போய்க் கேட்டாய். அவர் அலைநீளம் என்று ஆரம்பித்து ஒரு எண்ணைச் சொன்னார். எண் உனக்குப் போதவில்லை. இறங்கிப் போனவர் யாராவது, ஒரு சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டே போய், இதோ இங்கே என்று சொல்ல வேண்டும் உனக்கு. அந்த ஒரு கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாய்.

அந்த வருஷம்தான் பள்ளிகளுக்கிடையே அறிவியல், கைவேலைக் கண்காட்சி. அறிவியலில் முதல் பரிசு வாங்கும் குழுவைச் சென்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போய்க் கடல் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் ஏற்றிக் காட்டுவார்கள் என்று அறிவித்தார்கள். நீ அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கடலைக்கூட விடு, அந்தக் கப்பலில் இறங்கிப் போனவர் ஒருவராவது இருப்பார் என்பதுதான் உன் கணக்கு. அந்த வாரம் முழுக்க நீ பஸ்ஸைத் தவறவிடவே இல்லை.

யோசனை முழுக்க உன்னுடையது. டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிடித்து, உள்ளே கறுப்புத் துணி ஒட்டி, எட்டிப் பார்க்க ஒரு துளை வைத்தாய். மேலே ஜீரோ வாட் பல்பு, அதற்கு நீலக் கண்ணாடித்தாள் மூன்று மடிப்பு. பெட்டிக்குள் பவுடர் டப்பாவில் செய்த நீர்மூழ்கி, அதன் மூக்கில் ஒரு டார்ச் பல்பு, அதற்குத் தனி சுவிட்ச். உயிரினங்கள் என் வேலை. எங்கள் அம்மா வீட்டில் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தார், வெட்டிப் போட்ட பட்டு நூல் மூலையில் குவிந்து கிடக்கும். அதில் சிவப்பை மட்டும் பொறுக்கி எடுத்தேன். குஞ்சத்தைத் தலைகீழாக யோசித்துப் பார்த்தால் ஜெல்லி மீன்தானே. கணவாய் மீன்களையும் சேர்த்துப் பதினேழு உயிர்கள் செய்தேன். கணவாய்க்கு நூலை முறுக்கிக் கஞ்சி போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, குஞ்சத்தில் இந்தப் பொறுமை இருந்தால் வீட்டுக்கு உதவும் என்றார்.

ஒத்திகையில் நீ ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய். பார்க்கிறவர் கண்ணை வைத்ததும் நீல இருட்டு மட்டுமே தெரிய வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்று அவர் முடிவு கட்டும் வரை நாம் பேசக் கூடாது. மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். அதன் பிறகு நீர்மூழ்கி விளக்கைப் போட்டால், அவர் மூக்குக்கு முன்னாலேயே பதினேழு சிவப்பு உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். "மொதல்ல ஒண்ணுமே தெரியக் கூடாதுடி. அதான் நம்ம பிராஜெக்டே" என்றாய். நானும் தலையாட்டினேன்.

கண்காட்சி நாளன்று பக்கத்து மேஜையில் எரிமலை. அது எங்கள் மேஜை வரை சாம்பல் துப்பிக்கொண்டிருந்தது. நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். காலையிலிருந்து நின்று, வியர்த்து, பசியோடு வந்தார். குனிந்து துளையில் கண்ணை வைத்தார். நீ சுவிட்சில் விரல் வைத்து நின்றாய். உன் உதடு லேசாக அசைந்தது.

"என்னம்மா, உள்ள ஒண்ணும் காணோம். காலிப் பெட்டியா?" என்றார்.

நான் பட்டுக்கடை விற்பனையாளரின் மகள் என்பதை அந்த நேரத்தில் என் கைகள்தான் நினைவில் வைத்திருந்தன. லீவு நாட்களில் அப்பாவோடு கடையில் உட்கார்ந்து பழகியவள். நிறத்தில் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் வாயைத் திறக்காதே, புடவையை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போ என்பது கடையில் பாடம். ட்யூப்லைட்டில் ஏமாறும் கண் வெயிலில் ஏமாறாது. காஞ்சிபுரத்தில் எந்தக் கடை வாசலில் பார்த்தாலும் யாராவது ஒருவர் புடவையை வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் யோசிக்கவில்லை. மூடியைத் தூக்கினேன், இரண்டு ஜெல்லி மீன்களைக் கொத்தாகப் பறித்தேன், ஜன்னலுக்குக் கொண்டு போனேன். "சார், வெளிச்சத்துல பாருங்க சார்" என்றேன்.

வெயிலில் அந்தப் பட்டு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினார். எவ்வளவு நுணுக்கமான வேலை, இதை ஏன் அறிவியலில் வைத்திருக்கிறீர்கள், கைவேலைப் பிரிவுக்கு மாற்றுங்கள் என்றார். நீ அதன் பிறகு சுவிட்சைப் போட்டாய். யாரும் பார்க்கவில்லை. மூடி திறந்த பெட்டியில் அந்த விளக்கு எரிந்ததுகூடச் சரியாகத் தெரியவில்லை.

கைவேலையில் முதல் பரிசு. அந்தப் பிரிவில் பரிசு ஒருவருக்குத்தான். இது யார் கைவேலை என்று மிஸ் கேட்டார். என்னுடையது என்றேன். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது திருத்தியிருப்பேன். சான்றிதழில் என் பெயரை மட்டும் எழுதினார்கள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். கப்பலுக்கு எரிமலைக்காரர்கள் போனார்கள்.

பஸ் நிலையம் வரை பெட்டியை நீ ஒரு பக்கம் பிடித்தாய், நான் ஒரு பக்கம். நான் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன், எரிமலையைக் கிண்டல் செய்தேன், நடுவரைத் திட்டினேன். மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை. கூரம் பஸ் வந்ததும் படியில் ஏறி நின்று சொன்னாய், "இருபதுல பதினொண்ணுதான் ஆச்சு. நான் எண்ணிக்கினுதான் இருந்தேன்." குரலில் கோபமே இல்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னாய். அதன் பிறகு இந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. அடுத்த நாளும் ஈரத் தலையோடு வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம் நீ.

பள்ளி முடிந்தபின் உன் கல்யாணம், திருப்புட்குழியில் உன் வேலை, சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் டீச்சர். எனக்குக் கடை. அப்பாவுக்கு முடியாமல் போனதும் அவர் வேலை பார்த்த இடத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன். பத்து கிலோமீட்டர் தூரம் நமக்குள். பொங்கல் வாழ்த்து எழுதினோம், பிறகு போனில் பேசினோம், பிறகு அதுவும் நின்றது. எந்த வருஷத்தோடு நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தாய், தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. நெற்றியோரம் நரைத்திருந்தாய். பிள்ளைகளை மகாபலிபுரம் சுற்றுலா அழைத்துப் போனதாகச் சொன்னாய். கடைசியில் கடலைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டேன். "மேலதான பார்த்தேன்" என்று சிரித்தாய். அன்றாவது அந்த மன்னிப்பைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். எட்டு பேர் கொண்ட கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று உள்ளே நுழைந்தது, நான் எழுந்தேன். திரும்பி வந்தபோது நீ பையை வாங்கிக்கொண்டு படியிறங்கியிருந்தாய். அடுத்தது உன் காய்ச்சல். பத்து நாள். எனக்குத் தகவல் வந்தபோது காரியமே முடிந்துவிட்டிருந்தது.

நான் உன்னை நினைத்து அழுதேன். அதை உன்னிடமே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இப்போதெல்லாம் வாடிக்கையாளர் நிறத்தைப் பார்த்துத் தயங்கினால் நான் உடனே வாசலுக்கு ஓடுவதில்லை. உள்ளேயே கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிடுகிறேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். முதலாளிக்கு இது சோம்பேறித்தனமாகப் படுகிறது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு தம்பதி மகள் கல்யாணத்துக்கு எடுக்க வந்தார்கள். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கணவர் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டார். இவர் பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர், புடவைக் கடையில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்று அந்த அம்மா கேலி செய்தார். என்ன கப்பல் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். கடல் ஆராய்ச்சி. வெளிநாட்டுக் கப்பலில் போனபோது ஒரு தடவை, மூன்று பேர் உட்காரும் உருண்டைக்குள் அடி வரைக்கும் இறங்கியிருக்கிறாராம்.

கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தேன். அறுபது புடவை பிரித்துப் போட்டிருந்த மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டு உன் கேள்வியைக் கேட்டேன். நோட்டில் நீ எழுதியிருந்தபடியே கேட்டேன்: இறங்கிப் போகும்போது சிவப்பு எந்த இடத்தில் மறைகிறது, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்க்கலையேம்மா. எறங்கும்போது மீட்டரையே பார்த்துக்கிட்டிருந்தோம். ஜன்னல் பக்கம் திரும்பினப்போ எல்லாம் நீலமா ஆயிடுச்சு" என்றார். புத்தகத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லலாம், ஆனால் அது நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று அவரே சொன்னார். இத்தனை வருஷத்தில் யாரும் தன்னிடம் இதைக் கேட்டதில்லையாம். அவரிடம் வேலை கற்றவர்கள் சீக்கிரம் இறங்கப் போகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே சிவப்பாக எதையாவது கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றார். மறக்காமல் இருக்கக் கடை விலாச அட்டையின் பின்பக்கம் கேள்வியைக் குறித்துக்கொண்டார்.

"நல்ல கேள்வி. உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்றார்.

எனக்குத் தோன்றவில்லை, என்னோடு படித்தவள் கேட்டது என்றேன். அப்படியானால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அதையும் போட்டுவிடுகிறேன் என்றார். சொன்னேன். எழுதி முடித்ததும் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இனிஷியல் விட்டுப் போயிருந்தது. அதையும் போடச் சொன்னேன்.