கறுப்பு ஓட்டைக்குள்ள ஜெகஜ்ஜோதி

அன்புள்ள அப்பா,

நான் சௌக்கியம். உங்க முழங்கால் வலி குறைஞ்சுதா? மாத்திரையை நீங்களாவே போட்டுக்கிறீங்களா, இல்ல அம்மா கத்தினாத்தானா?

பெரிய சேதிப்பா! பக்கத்து கேலக்ஸியோட ரேடியோ படத்துல ஒரு கறுப்பு ஓட்டை. கருந்துளை இல்லப்பா, வெறும் கறுப்புத் திட்டு. படக் கோளாறுன்னு நினைச்சு அதை மறைச்சுட்டுத்தான் எப்பவும் கணக்குப் போடுவேன். நேத்து மறைக்க மறந்து, அதே கேலக்ஸியோட எக்ஸ்ரே படத்தை அது மேல வச்சுட்டேன். ஓட்டை முழுக்க ஜெகஜ்ஜோதி! பெரிய நட்சத்திரங்கள் ஒண்ணு பின்னால ஒண்ணா வெடிச்சு ஊதின ராட்சசக் குமிழிப்பா அது. உள்ளே கொதிக்கிற வாயு, அது எக்ஸ்ரேலதான் தெரியும். ரேடியோ படத்துல குளிர்ந்த வாயுதான் தெரியும், அதான் கறுப்பா இருந்திருக்கு.

"ஐயோ, இங்க வந்து பாருங்களேன்!"னு தமிழ்லயே கத்திட்டேன். ஒருத்தருக்கும் புரியல, ஆனா அத்தனை பேரும் ஓடி வந்துட்டாங்க. துள்ளி எழுந்ததுல மேஜை இடிச்சு முட்டி லேசா வீங்கியிருக்கு. அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க.

ஒரு சின்ன உதவி. அம்மா உங்களைத் திட்டும்போது நைசா போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. இங்க எல்லாரும் ரொம்ப மெதுவாப் பேசுறாங்கப்பா.

புரொபசர் கூப்பிடுறார், ஓடுறேன். பதிவு பண்ற அன்னைக்கு மட்டும் மாத்திரையைக் கொஞ்சம் லேட்டாப் போடுங்க, அப்பத்தான் நீளமாத் திட்டுவாங்க.

உங்க முட்டி வலியில பங்கு வாங்கின
மகள்