தண்ணீர் படாத தூண்டில்கள்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா ஆசிகளோடு எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சுகம், அந்த முழங்காலும் சாப்பாட்டு நேரத்தில் சுகமாகத்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே குறைவில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பேத்திக்குச் சளி விட்டதா, குளிரில் காதை மூடாமல் பள்ளிக்கூடம் அனுப்பாதே. கையில் போன் இருக்க இதென்ன திடீர்க் கடிதம் என்று கேட்பாய். நான் போனில் பேசினால் ஹாலில் மட்டுமல்ல, கீழ் வீட்டுக்கும் கேட்கும், காது மந்தமானவன் மெதுவாகப் பேசியதாகச் சரித்திரமே இல்லை. இது உனக்கு மட்டும் தெரிய வேண்டிய விஷயம். நீ உன் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாய் என்று அண்ணி சொன்னாள். அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லையாம், பேத்தி பிறந்தநாளுக்கு அவன் அனுப்பிய வாழ்த்துக்கும் பதில் இல்லையாம். அப்பாவை ஜெயில்ல போட்ட மாதிரி வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு பிள்ளையா என்று கேட்டாயாமே. உன்னை அப்படிக் கேட்க வைத்தது என் புலம்பல்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

போன மழைக்காலத்தில் நான் ஏரியில் விழுந்தது உனக்குத் தெரியும். ஊராரிடம் சொன்ன மாதிரி உன்னிடமும் அதைத் தமாஷாகவே சொன்னேன், இந்தத் தடவை மீன் என்னைப் பிடித்துவிட்டது என்று. கடைசிப் படியில் பாசி, கால் வழுக்கி உள்ளே போனேன், யாரோ ஒரு புண்ணியவான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். உன் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். வீட்டுக்கு வந்த பிறகு, இனிமே ஏரிப் பக்கம் வேணாம்ப்பா என்றான், அதோடு சரி. ஆனால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வளைய வருவதை அவனாலும் பார்க்க முடியவில்லை போல, சனிக்கிழமை ஆனால் அவனே காரை எடுத்து என்னைத் தூண்டில் சாமான் கடைக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தான். எது பிடிக்குதோ வாங்கிக்கோங்கப்பா என்பான். மீன் பிடிக்கத்தான் தடை, சாமான் வாங்கத் தடையில்லை. பசிக்கிறவனைப் பாத்திரக் கடையில் கொண்டுபோய் விட்ட மாதிரி என்று நான் உன்னிடம் போனில் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கும்.

அந்தக் கடையைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் சந்து மாதிரி நீளமாகப் போகும், இரண்டு பக்கச் சுவரிலும் தூண்டில் கழிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ரீல்கள், சின்னச் சின்ன டப்பாக்களில் முள்ளும் ஈயக்குண்டும் தக்கையும். கடைசியில் கடைக்காரர் மூன்று நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். அங்கே நான், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், பல் டாக்டர் என்று மூன்று பேர். டிரைவரை அவர் சம்சாரம் விடுவதில்லை, டாக்டரை அவருடைய டாக்டர் விடுவதில்லை. ஆக மொத்தம் தண்ணீரைக் கண்ணால் பார்க்காத மூன்று மீன்பிடிக்காரர்கள். எதற்கெடுத்தாலும் எங்களுக்கு நாங்களே பரிசு வாங்கிக்கொள்வோம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு டிரைவர் ஒரு கழி வாங்கினார். சர்க்கரை இறங்கியதற்கு டாக்டர் தூண்டிலில் மாட்டுகிற பிளாஸ்டிக் மீன்களைக் கலர் கலராக வாங்கினார், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் தின்னாதே என்று சொன்ன மனிதர் அதை டப்பாவில் மிட்டாய் மாதிரி அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் புது ரீல் வாங்கினாலும் அங்கேயே அதில் தூண்டில் நரம்பு சுற்றியாக வேண்டும். ஒருவர் நரம்புக் கட்டையைப் பென்சிலில் கோத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், வாங்கியவர் மட்டும் சுற்றி முடியும்வரை தொடக் கூடாது. அது எங்கள் சட்டம், யார் போட்டது என்று கேட்காதே, எங்களுக்கே தெரியாது.

வீட்டில் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ போன தடவை அனுப்பிய நீளக் கழியை ஹாலில் வைத்து மாட்டி, நரம்பைக் கோத்து, சும்மா கையில் பிடித்துப் பார்த்தேன். நுனி மேலே போய் நரம்பு மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. விசிறி பாட்டுக்கு ரீலில் இருந்த நரம்பை எல்லாம் உருவிச் சுற்றிக்கொண்டே போகிறது, நான் விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். உன் அண்ணி ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள், அப்புறம் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள், மாமா, பெரிய மீனா மாட்டிருக்கு என்றாள். நானும் சிரித்தேன். சாயங்காலம் உன் அண்ணன் ஏணி போட்டு ஏறி அந்த நரம்பைக் கத்தரித்து எடுத்தான், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கழி பீரோவுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

ஆயுசெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். நடுவில் நின்றுபோன லிஃப்டில் இருந்து எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கதவைத் தட்டுவார்கள், கத்துவார்கள், யாரையாவது திட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கடையில் உட்கார்ந்து, பையன் விடமாட்டேங்கறான், என்ன பண்றது என்று வாராவாரம் புலம்புவேன். உனக்குப் போன் செய்து அதே புலம்பல். அதைக் கேட்டுத்தான் உனக்கு அண்ணன்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. வெயில் தொடங்கியதுமே அவன் தடையை எடுத்துவிட்டான். ஆரஞ்சுக் கலரில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என் கட்டில்மேல் வைத்து, இதைப் போட்டுக்கிட்டுப் போயிட்டு வாங்கப்பா, கடைசிப் படிக்கு மட்டும் இறங்காதீங்க என்றான். பார்க்கலாம், இப்ப வெயில் ஜாஸ்தி என்றேன். கடையில் நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. புலம்பலையும் நிறுத்தவில்லை.

அப்புறம் ஒரு நாள், உன் அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போன பிறகு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஏரிக்குப் போனேன். ஜாக்கெட்டைப் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டேன், பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும். ஏரி வாசல் காவலாளி வணக்கம் சொன்னார், நல்லா இருக்கீங்களா ஐயா என்று விசாரித்தார். மேல் படியில் போய் நின்றேன். தண்ணீர் நல்ல தெளிவு, மீன் மேலே வந்து வந்து போகிறது. அடுத்த படியில் காலை வைக்க முடியவில்லை கண்ணு. காரணம் முழங்கால் இல்லை, அன்றைக்கு அது வலிக்கவே இல்லை. காலைத் தூக்கினால் தூக்கியபடியே நிற்கிறது. விழுந்த அன்றைக்குத் தண்ணீருக்குள் காலை விட்டுத் துழாவினேன், தரை கிடைக்கவே இல்லை, அதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது வெறும் படியில், அதுவும் காய்ந்த படியில், நிற்கும்போதும் அதே மாதிரி இருந்தது. எனக்குப் பயம். சட்டை நனைந்துபோகிற அளவுக்குப் பயம். கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், கை குடுக்கட்டுமா ஐயா என்று மேலே ஏறி வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வரும் வழியில் கடையில் இறங்கி, இருப்பதிலேயே நல்ல ரீல் ஒன்றை எனக்கு நானே வாங்கிக்கொண்டேன், என்ன சாதித்ததற்கு என்று என்னைக் கேட்காதே. நரம்பு சுற்றுவதை மட்டும் சனிக்கிழமைக்கு விட்டு வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை உன் அண்ணனும் கடைக்குள் வந்தான். நரம்புக் கட்டையைப் பென்சிலில் கோத்து அவன்தான் பிடித்துக்கொண்டு நின்றான், டாக்டர் சுற்றினார். டிரைவர் அன்றைக்கு ஒரே குஷி. அவர் சம்சாரம் ஒருவழியாகச் சரி என்று சொல்லிவிட்டாராம், டாக்டருக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாம், புதன்கிழமை மூன்று பேருமாகப் போகலாம் என்று திட்டம் போட்டுவிட்டார்கள். உங்க பையன் இதோ நிக்கறாரு, இப்பவே கேட்டுருவோம் என்றார் டிரைவர். என்றைக்கோ விடுதலை செய்யப்பட்டவன் நான், இவன் வாயைத் திறந்து, நான் எப்பவோ போகச் சொல்லிட்டேனே என்றால் என் கதி என்ன. ரீலையாவது கையில் எடுக்கலாம் என்றால் அதையும் தொடக் கூடாது. உன் அண்ணன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பி, இல்லீங்க, அப்பாவை நான் அனுப்பறதா இல்ல, எனக்கு மனசு கேக்காது, கோவிச்சுக்காதீங்க என்றான். டிரைவர் விடவில்லை. பெத்தவரை இப்படிப் பூட்டி வைக்கறியேப்பா, நாளைக்கு உனக்கும் வயசாகும் என்று கடை முழுக்கக் கேட்கும்படி அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, நரம்பு சிக்காமல் இருக்கப் பென்சிலை நேராகப் பிடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ரீல் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும்போது காரில், சிக்னலில் நின்றபோது, ரீல் நல்லாருக்குப்பா என்றான். மறுநாள் உன் அண்ணி காய் நறுக்கும்போது மெதுவாகக் கேட்டேன், என் பயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று. நான் ஏரிக்குப் போன அன்றைக்கே வாசல் காவலாளி போன் செய்துவிட்டாராம், விழுந்த நாளில் அவன் நம்பரை வாங்கி வைத்திருந்தாராம். பெரியவர் வந்தாரு, மேல் படியிலயே ரொம்ப நேரம் நின்னாரு, ஒரு மாதிரியா திரும்பிப் போனாரு, பத்திரமா வந்துட்டாரான்னு பாருங்க என்றாராம். அப்பாகிட்ட இதைப் பத்திக் கேக்கவே கேக்காதே என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருக்கிறான். டிரைவரும் டாக்டரும் இப்போது புதன்கிழமை தவறாமல் ஏரிக்குப் போகிறார்கள், சனிக்கிழமை என்னிடம் வந்து கதை சொல்கிறார்கள், நான் என்ன பண்றது, பையன் விடலையே என்று உச்சுக்கொட்டுகிறேன். அவனை அவர்கள் முறைக்கிறார்கள் என்பதால் அவன் கடைக்குள் வருவதில்லை, வெளியே காரிலேயே உட்கார்ந்திருக்கிறான். ஒரு நாளாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் கிளம்புகிறேன். உள்ளே போனதும் அதே புலம்பல்தான் வாயில் வருகிறது.

நீ அவனைத் திட்டினாயே, அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம், அப்பாதான் போகலை, நான் தடுக்கலை என்று. சொல்லவில்லை பார். கூடப்பிறந்தவள் பேசாமல் போனாலும் போகட்டும் என்று இருந்துவிட்டான். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவனுக்குப் போன் செய். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே, காவலாளி அவனிடம் சொன்னது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம். கோபம் தீர்ந்துபோச்சு என்று சொல், பேத்தியை மாமாவோடு பேசச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மறந்துவிடாமல் இன்னொன்று. பேச்சோடு பேச்சாக, அப்பாவை ஏரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயேன் என்று அண்ணனிடம் கேட்டு வைத்துவிடாதே. நீ கேட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா