அரியர்ஸ் வந்த சந்தோஷம்

ஆடுகோடி, பெங்களூர்
20-3-1998

அன்பு மகள் தமயந்திக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் கோயம்புத்தூரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர்ஸ் என்று எழுதியிருந்தாய். தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கு அரியர்ஸ் என்றால் என்ன தெரியும், சம்பள பாக்கி மொத்தமாக வந்தால் லைன் வீடுகள் முழுக்க ஸ்வீட்தான். படிக்கிற பெண்ணுக்கே கொடுக்கிறார்கள், அதுவும் இரண்டு, என்று மைசூர்பாகு வாங்கி நம் சந்து முழுக்கக் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பா இரண்டு துண்டு தின்று முடித்துவிட்டு, அது பணமில்லப்பா ஜெயவேலு, பெயிலான பாடத்துக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் பேரு என்றார். தின்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். உன் அம்மா அன்றிலிருந்து என்னை அரியர்ஸ் என்றே கூப்பிடுகிறாள்.

காரணமெல்லாம் எழுதியிருந்தாய், பாடம் இங்கிலீஷில் ஓடுகிறது, ஒரு ரூமில் ஆறு பேர், வாயைத் திறந்தால் பெங்களூர்த் தமிழ் என்று சிரிக்கிறார்கள், அதனால் கிளாசில் சந்தேகம் கேட்பதில்லை என்று. வீட்டில் படித்தவர்கள் இல்லாததும் ஒரு காரணம் என்று மேடம் சொன்னார்களாம். சரிதான், நாலாம் கிளாசோடு பள்ளிக்கூடம் என்னைப் பார்த்து ஓடிவிட்டது. ஆனாலும் ஒன்று தெரியும். சுரங்கத்தில் முதல் மாசம் எத்தனை மணி அடித்தால் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டு ஏறும், எத்தனை அடித்தால் இறங்கும் என்று புரியாமல் ஒரே ஆளைத் தினமும் கேட்டேன், உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டா என்று திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார், மற்றவர்கள் சிரித்தார்கள், நான் முழுசாக மேலே வந்தேன். நீயும் கேள். சிரித்தால் அவர்களுக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்.

மார்க் என்னை உறுத்தவில்லை அம்மா. அந்த இரண்டையும் பாஸ் பண்ணும்வரை வீட்டுக்கு வரமாட்டேன் என்று கடைசியில் எழுதினாயே, அதுதான் உறுத்துகிறது. ஏழு மாசமாகக் கிண்டல் பண்ண ஆளில்லை, அம்மாவைப் பண்ணினால் சாம்பாரில் உப்பு ஏறுகிறது. ஓசூர் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் பின்னாலிருந்து பார்த்தால் உன்னைப் போலவே நிற்கிறாள், இரண்டு தடவை பக்கத்தில் போய்த் திரும்பிவிட்டேன், மூன்றாவது தடவை போனால் அடி வாங்குவேன். பெயிலானவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றால் முதலில் நானல்லவா வெளியே போக வேண்டும்.

சித்திரை ஒன்றுக்கு வந்துவிடு. புத்தகத்தோடு வா, இல்லாமலும் வா. நீ நினைத்ததெல்லாம் நல்லபடி நடக்க அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. வருகிறேன் என்று மட்டும் ஒரு கார்டு போடு, அந்த வார்த்தையை நான் எழுத்துக்கூட்டாமலே படித்துவிடுவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ஜெயவேலு