றிலீஸ் கேட்கப் போகாத நாள்

நேற்று குரொய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து ட்ராமில் திரும்பும்போது, எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து முகம் துடைத்தார். ஓடிக்கொலோன், உம்முடைய வாசம். அடுத்த தரிப்பில் நீரே ஏறி என் பக்கத்தில் வந்து அமர்ந்தது போல இருந்தது. நான் கொஞ்சம் ஒதுங்கி இடம்கூட விட்டேன்.

மறுபக்கத்தில் என் பெறாமகள், தங்கையின் மகள் றெஜினா, பாஸ்போட் இருந்த பையை இரண்டு கையாலும் அணைத்தபடி இருந்தாள். நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. இனி அவள் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம். விரும்பிய இடத்தில் வேலை செய்யலாம். இதை முதலில் கேட்கவேண்டியவர் நீர். ஆனால் நீர் மாசி மாதமே கண்ணை மூடிவிட்டீர். காத்திருப்பது உமக்குப் பள்ளிக்கூடத்திலும் பிடிக்காத காரியம்.

'நீர்' என்றே எழுதுகிறேன். கொன்வென்றில் சிஸ்டர்மார் எங்களை 'நீ, வா, போ' என்று பேச விட்டதில்லை. தலை நரைத்த பிறகும், கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் நின்று 'வாரும், இரும்' என்று பேசிக்கொண்டோம். என் மகன் அதைக் கேட்டுச் சிரிப்பான். அந்த ஒழுங்கை நீர் ஒரேயொரு தடவைதான் மீறினீர். அதனால்தான் றெஜினா இன்று இங்கே இருக்கிறாள்.

அவள் கொழும்பிலிருந்து கணக்காளராக வந்தபோது என் வீட்டின் பின்னறையைக் கொடுத்தேன். அவளுக்கு வேலை கொடுத்தவர் எங்கள் ஆள்தான். ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்து உணவுப்பொருள் இறக்குமதி செய்தவர். முதல் சில மாதங்கள் கணக்கு. பிறகு சனிக்கிழமைகளில் கடைக் கல்லாப்பெட்டி. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும். பூசைக்குப் போகவேண்டும் என்று அவள் சொன்னால், அவர் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவாராம்.

"தங்கச்சி, உம்மட விசா என்ர கையிலை கிடக்கு."

அவள் மெலிந்து போனாள். விம்பிள்டனில் ஒரு நல்ல கொம்பனி அவளை எடுக்கத் தயாராக இருந்தும், இவரை எப்படி விட்டுப் போவது என்று தெரியவில்லை. முதலாளி எழுதி விடுவித்தால்தான் வேலை மாறலாம் என்றிருந்த குவைத்தில் நெடுங்காலம் உழைத்த அவளுடைய அப்பா தொலைபேசியில் ஒரே பிடியாக நின்றார்: முதலாளியிடம் முதலில் றிலீஸ் கடிதம் வாங்கு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வேலையை விட்டுப் போகிறவர் முறையாகச் சொல்லி, முறையாக விடைபெறவேண்டும் என்றுதானே நாங்கள் வளர்க்கப்பட்டோம்?

ஒரு சனிக்கிழமை காலை நான் மணிப்புரிச் சேலையை அயன் பண்ணி உடுத்து, முத்துத்தோடு போட்டுக்கொண்டு நின்றேன். றெஜினாவும் கடைக்கு வெளிக்கிட்டு நின்றாள். நீர் கறிவேப்பிலை கேட்டு வந்தீர்.

"எங்கை, ஆருக்குக் கலியாணம்?" என்றீர்.

முதலாளியைச் சந்தித்து றிலீஸ் கேட்கப் போவதாகச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டால் தருவார் என்றும் சொன்னேன்.

"இதென்ன குவைத்தே?"

நான் விடவில்லை. நேர்மையானவர்கள் மறைத்து ஒன்றும் செய்வதில்லை என்று தொடங்கினேன். நீர் கதிரையை இழுத்து, கதவுக்குக் குறுக்கே போட்டு இருந்தீர்.

"நீ பேசாமல் இரு."

அந்த 'நீ' எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. நான் உண்மையாகவே பேசாமல் இருந்துவிட்டேன். நீர் றெஜினாவின் பக்கம் திரும்பினீர்.

"பிள்ளை, விசா எங்கை கிடக்கு?"

"பாஸ்போட்டிலை, அன்ரி."

"பாஸ்போட் ஆரிட்டை?"

"என்னட்டைத்தான்."

"பிறகு அவன்ர கையிலை என்ன கிடக்கு?"

அவள் யோசித்தாள். "அவர் எனக்கு எடுத்த வேர்க் பெர்மிட்."

"ஓம். அதை அவனே வச்சிருக்கட்டும். மற்றக் கொம்பனி தன்ர பேரிலை உமக்கு வேறை பெர்மிட் எடுக்கும். அது வந்தாப் பிறகுதான் இவனுக்கு நோட்டீஸ். அதுவரைக்கும் ஒழுங்கா வேலைக்குப் போம்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னீர். "இந்த நாட்டிலை றிலீஸ் எண்டு ஒண்டு இல்லை. நீ போய்க் கேட்டால், அவன்ர கையிலை இல்லாத சாமானை நீயே கொண்டுபோய்க் குடுக்கிறாய்."

எல்லாவற்றையும் 'விசா' என்றே சொல்லிப் பழகிய எங்கள் வாய்தான் அந்த மனிதருக்கு இவ்வளவு பலம் கொடுத்திருக்கிறது. உம்முடைய மருமகன் அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே போல வேலை மாறியபோது நீர் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டு அறிந்திருந்தீர். இருந்தாலும் திங்கட்கிழமை ஒரு சட்டத்தரணியிடமும் எங்களை அழைத்துப் போனீர். அவரும் உம்முடைய சொல்லைத்தான் சொன்னார், கொஞ்சம் நீளமாக.

காத்திருந்த வாரங்கள் எனக்குச் சிரமமானவை. நடுவில் அந்த முதலாளியின் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. மண்டபத்தில் அவர் என்னைக் கைகூப்பி வரவேற்று முன்வரிசையில் இருத்தினார். நான் கேக்கை லேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். அவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு இருந்தது பொய்யில்லையா என்று மறுநாள் உம்மிடம் குறைப்பட்டேன். சிரிப்பது பொய் சொல்வதாகாது, சிஸ்டர்மாரும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு முன்னால் சிரித்ததை மறந்துவிட்டீரா என்று கேட்டீர். அப்போது 'நீர்' திரும்பி வந்திருந்தது.

புதிய பெர்மிட் வந்தது. றெஜினா முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாள்.

"உமக்கு ஆர் றிலீஸ் தந்தது?" என்று அவர் கேட்டாராம்.

"ஒருத்தரும் தரேல்லை, அண்ணை."

இதை அவள் சொல்லச் சொல்ல நீர் மூன்று தரம் திரும்பக் கேட்டீர்.

பிறகு எல்லாம் நேராகப் போகும் என்று நினைத்தோம். நாலு வருடத்தில் கிடைக்கவேண்டிய நிரந்தர அனுமதியை அரசாங்கம் ஐந்து வருடம் ஆக்கியது. நான் கவலையில் படுத்துவிட்டேன். நீர் தொலைபேசியில், "தபசுகால நோன்பை நீட்டிப்போட்டாங்கள், அவ்வளவுதான்; பாஸ்குப் பெருநாள் வராமல் விடாது" என்றீர். வந்தது. நீர் பார்க்கவில்லை.

நேற்று ட்ராமில் றெஜினா பையைத் திறந்து பாஸ்போட்டை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"பெரியம்மா, நான் இந்த வேலையை விடப்போறேல்லை. ஆனால் விட ஏலும். எனக்கு அதுவே காணும்."

தண்ணீர் குடிக்கவும் சிஸ்டரிடம் அனுமதி கேட்டு வளர்ந்தவள் நான். பிறகு அப்பாவிடம், கணவரிடம், அவர் போன பின் மகனிடம். கேட்பதை அழகாகக் கேட்கப் பழகியிருந்தேன். யாரிடம் கேட்கிறேன், கேட்பதைத் தருவதற்கு அவர் கையில் ஏதும் உண்டா என்று பார்க்க, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் பழகினேன். உம்மிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

மகன் ஒரு வருடமாக இந்த வீட்டை விற்றுவிட்டுக் குட்மேய்ஸில் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். இவ்வளவு நாளும், றெஜினாவின் காரியம் முடியும்வரை பொறுக்கமுடியுமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலையும் தொலைபேசி எடுத்தான். அந்தக் காரணம் இப்போது இல்லை.

"நான் இஞ்சைதான் இருப்பன், மோனை" என்றேன்.

அப்படியெண்டால், ஞாயிறு பூசை முடிய அங்கே சாப்பிட வரட்டோ என்று அவன் கேட்டான்.

வரலாம் என்றேன்.