நான்கு முதல் ஐந்து வரை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலியும் அத்தானின் இருமலும் தேவலையா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் பட்டாணியின் காதில் விழும். விஷயம் பிள்ளையைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன்.

இவருக்கு வேலை கூடிவிட்டது. எந்தக் கட்டிடத்தில் யார் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாலும் இவர்தான் ஓட வேண்டும். நாங்கள் இருவரும் வீட்டில் மாட்டிக்கொண்டால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பட்டாணியைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது, "பிள்ளைக்குப் பேச்சு திக்குதுன்னா ஊர்ல இருக்கிற பள்ளிக்கூடத்தை எல்லாம் இழுத்து மூடிடுவியாடி" என்று கேட்டாய். நீ டீச்சர், கேட்கத்தான் செய்வாய். ஆனால் அங்கே பிள்ளைகள் அவளைப் போலவே திக்கிக் காட்டியதில் ஆறு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டுப்படிப்பு தொடங்கிய பிறகு திக்கித் திக்கியே ஓயாமல் பேசினாள். அதைக் கேட்டு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எட்டரைக்குக் கணக்கு, பத்துக்கு வாசிப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு படம் வரைவது, நான்கு முதல் ஐந்து வரை அவள் இஷ்டம். இப்படித்தான் எங்கள் நாள் போகும். எல்லாவற்றையும் கட்டம் போட்ட பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். நல்ல மனிதர், தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பார். போன முறை நான்கு மணிக் கட்டங்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, "சும்மா இருந்தாங்கன்னு எழுதாதீங்கம்மா. என்ன கத்துக்கிட்டாங்கன்னு எழுதுங்க. இல்லன்னா திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பச் சொல்லிடுவாங்க" என்றார்.

அன்றிலிருந்து என்னைப் பேய் பிடித்தது. எறும்பு போகிறது என்று அவள் சொன்னால், எறும்புக்கு எத்தனை கால் என்று கேட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா கொடுத்த துணித்துண்டுகளைக் காட்டினால், இதில் முக்கோணம் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததைவிடக் கட்டத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அவள் பேச்சு குறைந்தபோது, பொறுப்பு வந்துவிட்டது என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். என்னை என்ன செய்யலாம், சொல்.

போன செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா படியில் நிறுத்தி, "பல்லு விழுந்த இடம் ஆறிடுச்சா" என்று விசாரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது, முந்தாநேத்து என் மடியில உட்கார்ந்துதானே ஆட்டி ஆட்டிப் புடுங்கிச்சு. அரை மணி நேரம் கதை கதையா சொல்லிச்சே" என்றார். என் குழந்தையின் முதல் பல், அக்கா. இரண்டு நாள் என் எதிரே உட்கார்ந்து வாயை மூடி மூடிச் சாப்பிட்டிருக்கிறாள்.

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சொ... சொன்னா அதையும் பாடமாக்கிடுவ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இவரிடம்கூடச் சொல்லவில்லை. அன்று நான்கு மணிக் கட்டம் காலியாக இருந்தது. 'பற்களும் அவற்றின் வகைகளும்' என்று எழுதினேன். கை தானாக எழுதிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் நிற்கிறாள். வாசிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே. எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்துவிட்டு உள்ளே போனாள். இன்றோடு ஐந்து நாள். கேட்டதற்கு ஆம், இல்லை, அவ்வளவுதான். எழுதியதை அடித்துவிடலாம் என்றால் மை ஊறி அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.

அதிகாரி அடுத்த மாதம் வருகிறார். அவர் கேட்டு இவள் வாயைத் திறக்காவிட்டால், பழையபடி அதே வகுப்புதான். நான் எழுதாமல் விட்டாலும் அனுப்பிவிடுவார்கள், எழுதினால் இவள் பேசமாட்டாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

உனக்கு இப்போது விடுமுறைதானே. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இவர் அவளைக் கொண்டுவந்து விடுவார். பத்து நாள் வைத்துக்கொள். எதுவும் சொல்லிக்கொடுக்காதே, எதுவும் கேட்காதே. நீ சும்மா இருந்தால் உன்னிடம் பேசுவாள். பேசினால், பேசினாள் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது. என்ன பேசினாள் என்று எழுதாதே, அக்கா. நான் எவ்வளவு கேட்டாலும் சொல்லாதே.

உன்னையே நம்பியிருக்கும்
தங்கை